யார் முஸ்லிம் என்று யார் சொல்வது?

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறை மீது நின்று இரவில் சேலத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கீழே விளக்குகள் கொட்டிக் கிடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் வண்டிகளின் வெளிச்சம் மரங்களுக்கிடையே தோன்றித் தோன்றி மறையும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்றிருந்தபோது உடன்வந்த நண்பர் பேசினார். நல்ல வாசகர், நிதானமானவர். கீழே தெரிந்த ஊரைச் சுட்டி, 2013இல் அங்கே நடந்த ஒரு கொலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, இப்படி முடித்தார்: "தர்காவுக்குப் போகிறவர் முதல் படி. தர்காவே கூடாது என்று தாடி வளர்ப்பவர் அடுத்த படி. குண்டு வைப்பவர் அதற்கும் அடுத்த படி. ஒரே படிக்கட்டு சார். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதுதான் வித்தியாசம்."

அன்று நான் சொன்ன மறுப்பு பலவீனமானது. எல்லா மதங்களிலும் நல்லவர்கள் உண்டு என்கிற ரகம். அது யாரையும் எதையும் யோசிக்க வைப்பதில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் காலந்தாழ்த்தி அளிக்கும் பதில். அவர் முற்றிலும் பிழை என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அவர் கண்ட தீமை உண்மையானது. அது ஏறிவரும் வழியைத்தான் அவர் தவறாகக் கண்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஒரு காப்பித் தோட்டத்தின் வழியே நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் காப்பிச் செடிகள். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பது ஏற்காட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. ஆனால் அந்தச் செடியின் பூர்வீகம் கலெக்டர் பங்களாவில் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டு சூஃபிகள் இரவு முழுதும் கண்விழித்து இறைநாமத்தை ஓதுவதற்குத் துணையாகக் காப்பியை அருந்தினார்கள். அங்கிருந்தே அது மெக்காவுக்கும் கெய்ரோவுக்கும் போயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற பக்கீர் ஏழு விதைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது ஐதீகம். தென்னிந்தியக் காப்பியின் கதை இப்படி ஒரு துறவியின் மடியிலிருந்து தொடங்குகிறது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பகுதி மெக்காவில் இருக்கிறது. 1511இல் அந்நகரில் மம்லூக் சுல்தானின் அதிகாரியாக இருந்த காயிர் பேக், பள்ளிவாசலுக்கு அருகே இரவில் கூடிக் காப்பி அருந்தியவர்களைக் கண்டு சினந்து, மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி வழக்காடி, காப்பியை ஹராம் என்று அறிவித்தார். கிடைத்த காப்பிக்கொட்டை தெருவில் எரிக்கப்பட்டது. பின்னர் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அவருக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. தகாத கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதே தவிர, பானத்தையே தடை செய்யவில்லை. உண்மையான வழக்கு காப்பியைப் பற்றியதல்ல. இரவில் யார் கூடலாம், எது வணக்கம், அதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பற்றியது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது.

*

1792ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள். மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கம்பெனியிடம் இழந்தார். சேர்வராயன் மலை கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். அவ்வாண்டிலேயே அரேபியாவின் நஜ்து பகுதியில் முகம்மது இப்னு அப்துல் வஹாப் மறைந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் சேர்த்துப் பார்க்கத் தகுந்தவை. திப்புவின் பெயரே ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயர். ஒரு தர்காவில் வேண்டிப் பெற்ற பிள்ளை அவர். இறந்தோரிடம் வேண்டுவது இறைவனுக்கு இணைவைப்பது என்று வாழ்நாளெல்லாம் போதித்தவர் மற்றவர். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குள் அவருடைய வழிவந்தவர்களின் படை கர்பலாவைச் சூறையாடியது. இங்கே திப்புவின் பெயரர்கள் தர்காக்களில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலேயருக்கு 'வஹாபி' என்ற சொல் மிகவும் வசதியாக இருந்தது. 1839இல் கர்நூல் நவாபைப் பதவியிறக்க அச்சொல் உதவியது. 1871இல் ஹண்டர் எழுதிய இந்திய முசல்மான்கள் பற்றிய நூல், மகாராணிக்கு எதிராகக் கிளர்ந்தெழுவது இவர்களுக்கு மதக்கடமையா என்ற கேள்வியையே மையமாகக் கொண்டது. அந்த ஐயத்துக்குச் சில காரணங்கள் இருந்தன; ஆயினும் ஒருவருடைய வணக்கமுறையைப் பார்த்து அவருடைய வன்முறையை ஊகிக்கும் பழக்கம் நம் அரசுக்கும் நமக்கும் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் இந்தக் கோப்புகளிலிருந்தே தொடங்கவேண்டும்.

இந்த மலையிலேயே ஒரு சிறு சான்று. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி மேலோங்கியபோது பெயர்ந்து வந்ததாகச் சொல்லப்படுவதை எட்கர் தர்ஸ்டன் தம் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏன் மலையேறினோம் என்பதற்கு எந்தக் குலத்துக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அச்சம் எளிதில் காரணமாகிவிடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

*

தமிழ் முஸ்லிம்களின் பக்தி எத்தகையது என்பதை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீறாப்புராணத்தின் நாட்டுப்படலம் அரபு நாட்டை மருதநிலமாக்கிக் காட்டுகிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய ஆலிம்கள் பலதலைமுறையினர். பதினேழாம் நூற்றாண்டின் சதக்கத்துல்லா அப்பா அரபியில் கவிபாடியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாப்பிள்ளை ஆலிம் அரபுத்தமிழில் சட்டநூலும் பாடலும் இயற்றியவர். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்பாடல்களைச் சித்தர் பாடல்களிலிருந்து பிரித்தறிவது பல இடங்களில் கடினம். இவர்களுள் குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குணங்குடி, இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள சிற்றூர். சென்னைக்கு வந்து தவமிருந்த அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால்தான் தண்டையார்ப்பேட்டை அப்பெயர் பெற்றது என்பது வாய்மொழி வழக்கு. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த மரபு முழுவதையும் நிராகரித்து எழுந்த ஏகத்துவ இயக்கத்தின் மிகக் கூர்மையான நாவாக விளங்கிய பி. ஜைனுல் ஆபிதீனின் ஊரும் தொண்டிதான். ஒரு கடற்கரையில் இருவர். வரலாறு சில சமயம் நாவலாசிரியரைப் போல நடந்துகொள்கிறது.

ஆனால் இருவருக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுப் பாலம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு வளைகுடாப் பணம், சவூதிப் புத்தகம் என்று மட்டும் பேசுவது சோம்பேறித்தனம். பாலத்தின் பெயர் அச்சிட்ட தமிழ் உரைநடை.

பா. தாவூத்ஷா (1885–1969) கும்பகோணம் பக்கத்துக் கீழ்மாந்தூரில் பிறந்தவர். பட்டதாரி, சப் மாஜிஸ்திரேட்டாக இருந்து ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பதவியைத் துறந்தவர். இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசலில் சிலகாலம் பணியாற்றித் திரும்பி, 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தினார். அவருடைய தமிழ் அக்கால முஸ்லிம் இதழ்களில் தனித்து நின்றது. எழுத்துப்பிழையும் அரபுச் சொற்குவியலும் இல்லாத, சுத்தமான, வாதாடும் தமிழ். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்றார். குர்ஆனைத் தமிழில் படிக்கவேண்டும் என்றார். சந்தனக்கூட்டு ஆடம்பரங்களையும் மூடப்பழக்கங்களையும் சாடினார். இன்று எந்தப் பள்ளிவாசலிலும் இதில் பாதியைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அன்று ஆலிம்கள் அவரைக் காஃபிர் என்றார்கள், காதியானி என்றார்கள். அவர் அசரவில்லை. மேலும் எழுதினார்.

எழுதியவர் அவர் மட்டுமல்லர். காரைக்கால் அ.கா. அப்துல் ஹமீது பாகவி குர்ஆன் மொழிபெயர்ப்பின் முதல் பகுதியை 1929இல் வெளியிட்டார். முழு மொழிபெயர்ப்பு வெளிவர 1949 ஆயிற்று. 'பாகவி' என்ற பட்டம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவினுடையது. அதாவது குர்ஆனைப் பாமரத் தமிழனின் கையில் கொண்டுவந்து வைத்தவர் மரபார்ந்த மதரஸாவின் மாணவரே. ஒருமுறை வேதம் தாய்மொழியில் அச்சாகிவிட்டால், பிறகு "இது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்கும் இளைஞன் பிறப்பதை யாரும் தடுக்கமுடியாது. ஐரோப்பாவில் லூதருக்குப் பின் நடந்தது இதுவே.

*

அந்த இளைஞர்கள் 1980களில் வந்தார்கள். அதற்கு முன்பே 1926இல் மேவாத்தில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய தப்லீக் ஜமாஅத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் வேரூன்றியிருந்தது. 1941இல் மௌதூதி தொடங்கிய ஜமாஅத்தே இஸ்லாமியின் நூல்களும் தமிழில் வந்துகொண்டிருந்தன. ஆனால் தவ்ஹீத் இயக்கத்தின் சுருதி வேறு. திருச்சியிலிருந்து வந்த 'அந்நஜாத்', பின்னர் 'அல்ஜன்னத்' போன்ற இதழ்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் தொனி தெரியும். பக்கத்துக்குப் பக்கம் ஆதாரம், எண், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. மவ்லிது ஓதுவதற்கு ஆதாரம் எங்கே? கந்தூரிக்கு எங்கே? தாயத்துக்கு எங்கே? 1990களில் களியக்காவிளையில் நடந்த நேரடி விவாதத்தின் ஒலிநாடாக்கள் ஊர் ஊராகச் சுற்றின. பட்டிமன்றத்தையும் பகுத்தறிவு மேடையையும் கண்டு வளர்ந்த சமூகம் தன் மார்க்கத்தையும் அப்படியே விவாதித்தது. இதை அரேபிய இறக்குமதி என்பவர்கள் அந்த நாடாக்களைக் கேட்டவர்களாக இருக்கமுடியாது. அதன் குரல் திராவிட இயக்க மேடையின் குரல்.

இந்த இயக்கத்தால் விளைந்த நன்மைகளை ஒப்புக்கொள்ளாமல் அதை விமர்சிக்கும் தகுதி நமக்கில்லை. வரதட்சணை வாங்கும் திருமணத்தில் கலந்துகொள்ளமாட்டோம் என்று பகிரங்கமாகச் சொன்ன இளைஞர்கள் இவர்கள். மணக்கொடை ஆண்தான் கொடுக்கவேண்டும் என்பதை ஏட்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறந்தார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இரத்ததானத்துக்கு இவர்களுடைய அமைப்புகள் ஆற்றிய பங்கு யாவரும் அறிந்தது. பதிலுக்கு ஊர் ஜமாஅத்துகள் பல இவர்களை ஊர்விலக்கின. மையத்தை அடக்கப் பொதுக் கபர்ஸ்தானில் இடம் மறுத்தன.

இழப்பும் பெரிது. தோப்பில் முஹம்மது மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' (2008) அந்த இழப்பின் நாவல். ஒரு தெருவின் கதைகளும் பாட்டுகளும் பாட்டிகளின் ஐதீகங்களும் 'ஆதாரம் எங்கே' என்ற ஒரே கேள்வியின் முன்னால் ஊமையாகிப்போவதை அதில் காணலாம். மஸ்தான் சாகிபுவைப் பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை பல ஊர்களில் கடந்துபோய்விட்டது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஆனால் வருத்தம் வேறு, குற்றச்சாட்டு வேறு. ஒரு பாட்டை நிறுத்தியவன் கையில் குண்டு இருந்ததாக நான் எழுதமுடியாது.

*

குண்டு வேறு வாசல் வழியாக வந்தது.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பல இஸ்லாத்தைத் தழுவின. அதற்கு முந்தைய ஆண்டு இந்து முன்னணி தொடங்கப்பட்டிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள் பெருகின. அவை செல்லும் தெருக்கள் தகராறாயின. 1992 டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோவையில் எஸ்.ஏ. பாஷா அல்-உம்மாவைத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 8இல் சென்னை சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 பேர் மாண்டனர். 1997 ஜனவரியில் ஜிஹாத் கமிட்டியின் பழனி பாபா பொள்ளாச்சியில் வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 29இல் கோவையில் செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தனர். எழுபத்தேழு நாட்கள் கழித்து, 1998 பிப்ரவரி 14, அத்வானி பேசவிருந்த மாலையில், கோவையில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். சந்தையில் காய் வாங்க வந்தவரும் மருத்துவமனை வாசலில் நின்றவரும் அதில் அடக்கம்.

இந்தப் பட்டியலில் மவ்லிதுக்கு ஆதாரம் உண்டா என்ற கேள்வி எங்கும் இல்லை. பாஷா மார்க்க அறிஞர் அல்லர். அவரைப் பின்பற்றியவர்கள் எந்த ஹதீஸ் வலுவானது என்று வாதாடிப் பொழுதுபோக்கியவர்களும் அல்லர். தெரு, தொழிற்போட்டி, சோதனைச் சாவடி, பழிக்குப் பழி — அவர்களுடைய பாடநூல் இவையே. இப்படிச் சொல்வதால் அந்த 58 உயிர்களுக்கு எந்த நியாயமும் பிறக்காது. 18 பேர் இறந்ததற்கு 58 பேரைக் கொல்வது எந்தக் கணக்கிலும் வராத கொடுமை. நோயின் மூலத்தைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1995இல் தொடங்கிய தமுமுக, ஆண்டுதோறும் டிசம்பர் 6இல் தெருவில் ஊர்வலமாகப் போய் முழக்கமிட்டது. இளைஞர்களின் சினத்துக்குச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வடிகாலாக அது இருந்தது. குண்டுவெடிப்பைக் கண்டித்தவர்களும் தொப்பியும் தாடியும் காரணமாக நெடுங்காலம் ஒரே சந்தேகப் பட்டியலில் இருந்தார்கள். அந்த வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிலிருந்த கேரளத்து அப்துல் நாசர் மதானி 2007 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற பாஷா 2024 டிசம்பரில் பரோலில் இருந்தபோது இறந்தார்.

பிரெஞ்சு ஆய்வாளர்களுக்குள் இதைப்பற்றி ஒரு நீண்ட பூசல் உண்டு. கில் கெப்பெல், இஸ்லாத்துக்குள் தோன்றிய ஒரு கருத்தியல் படிப்படியாகத் தீவிரமடைந்து வன்முறையாகிறது என்பார். ஒலிவியே ருவா, முதலில் வருவது வன்முறை வேட்கை, அது பிறகே இஸ்லாமிய உடையை எடுத்து அணிந்துகொள்கிறது என்பார். கோவை 1998ஐ மட்டும் பார்த்தால் ருவா பக்கம் சாய்வேன். எகிப்தைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது. அங்கே சையித் குதுப் என்பவர் இருந்தார். நல்ல இலக்கிய விமர்சகர். இளம் நகிப் மஹ்ஃபூஸின் நாவல்களை முதலில் இனங்கண்டு எழுதியவர்களுள் ஒருவர். அமெரிக்கப் பயணமும் நாசரின் சிறையும் அவரை மாற்றின. தம்மைச் சுற்றியிருந்த முஸ்லிம் சமூகத்தையே அறியாமைக் காலத்தது என்று எழுதி 1966இல் தூக்கிலேறினார். 1994இல் ஓர் இளைஞன் முதியவரான மஹ்ஃபூஸின் கழுத்தில் கத்தியைச் செருகினான். விமர்சகர் கண்டெடுத்த எழுத்தாளரை விமர்சகரின் சொற்கள் பெற்றெடுத்த காலம் கொல்லவந்தது. கதையாக எழுதினால் மிகை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குதுப் செய்தது என்ன? குண்டு செய்யக் கற்றுத்தரவில்லை. தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனை, நீ முஸ்லிம் அல்ல என்று சொல்லும் அதிகாரத்தைத் தனிமனிதனின் கையில் கொடுத்தார். அரபியில் இதற்குத் தக்ஃபீர் என்று பெயர். என் நண்பரின் படிக்கட்டில் இல்லாத சொல் இது. நான் தேடுவது இதைத்தான்.

*

தக்ஃபீர் தூய்மைவாதிகளின் தனிச்சொத்து என்று நினைத்துவிடக்கூடாது. தாவூத்ஷாவைக் காஃபிர் என்றவர்கள் தர்காவை ஏற்ற மரபுவாதிகள்தாம். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூலின் 'மைலாஞ்சி' தொகுப்பு 2000இல் வெளிவந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. 2007இல் உயிர்மையில் அவர் இஸ்லாமும் குடிக் கலாச்சாரமும் பற்றி எழுதிய கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். விலக்கியது யார்? அஞ்சுவண்ணம் பீர்முகம்மதியா முஸ்லிம் அசோசியேஷன். 'எல்லாம் அவனே' என்று பாடிய ஒரு சூஃபிக் கவிஞரின் பெயரைத் தாங்கிய சங்கம் இன்னொரு கவிஞரை வெளியே நிறுத்தியது. ஊர்விலக்கம் என்பது நகரத்து வாசகர்களுக்கு வெறும் சொல். ஊரில் இருப்பவருக்கு அது திருமணமும் மரணமும். நிக்காஹ் பதிவேடு கிடைக்காது. உறவினர் வீட்டு விருந்தில் இலை போடமாட்டார்கள். ரசூல் பணியவில்லை, 2017 ஆகஸ்டில் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். சூஃபி மரபை மென்மையின் மறுபெயராகவே எழுதும் நம் சிற்றிதழ்க் கட்டுரைகள் இந்த நிகழ்வைச் சற்று நேரம் உற்றுப்பார்த்தால் நல்லது.

ரசூல் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2017 மார்ச் 16இல், கோவையில் ஃபாரூக் என்ற திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர் வெட்டிக் கொல்லப்பட்டார். இறைமறுப்பை வெளிப்படையாகப் பேசியவர். இரு குழந்தைகளின் தந்தை. முஸ்லிம் இளைஞர்கள் அவ்வழக்கில் கைதானார்கள். தாவூத்ஷாவுக்குக் கிடைத்தது துண்டுப்பிரசுரம், ரசூலுக்குக் கிடைத்தது ஊர்விலக்கம், ஃபாரூக்குக்குக் கிடைத்தது வெட்டு. மூன்றையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. துண்டுப்பிரசுரத்துக்குப் பதில் எழுதலாம், வெட்டுக்கு எழுதமுடியாது. ஆனால் மூன்றிலும் ஒருவர் இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்ட உரிமை ஒன்றே.

கடல் கடந்து காத்தான்குடிக்குப் போனால் எல்லா இழைகளும் ஓரிடத்தில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. கிழக்கிலங்கையின் அந்தத் தமிழ்பேசும் முஸ்லிம் ஊரில் 1979இல் அப்துல் றவூப் மௌலவியின் சூஃபி விளக்கங்களுக்காக ஜம்இய்யத்துல் உலமா அவரை மதம் மாறியவர் என்று தீர்ப்பளித்தது. 1990 ஆகஸ்ட் 3இல் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள். 2006 டிசம்பரில் இன்னொரு சூஃபித் தலைவர் இறந்தபோது புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். 2012இல் பொது பல சேனா தோன்றியது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன எரிந்தன. இந்த ஊரில் வளர்ந்த சஹ்ரான் ஹாஷிம் ஓதிய மதரஸாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 2017 மார்ச்சில் றவூப் மௌலவியின் ஆதரவாளர்களுடன் வாள்கத்தியோடு மோதியபின் தலைமறைவானார். அவர் தொடங்கிய அமைப்பே அவரை நீக்கியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

இங்கே என் நண்பர் வெற்றிபெற்றதாக நினைக்கலாம். முதலில் தர்காவுக்கு எதிராகப் பேசினார், பிறகு சூஃபிகளோடு வாளெடுத்தார், பிறகு குண்டு வைத்தார், படிக்கட்டுதானே? அவர் ஏறியது படிக்கட்டுதான். ஆனால் அதே பேச்சைப் பேசிய ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் ஏறவில்லை என்பதையும், ஏறத்தொடங்கியவரைத் தடுக்க முனைந்தவர்கள் யார் என்பதையும் கேட்கவேண்டும். அவர்மீது அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள். அவர் முதலில் காஃபிராக்கியது பக்கத்துத் தெரு முஸ்லிமை. கிறித்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். அவருடைய உரைகள் நல்ல தமிழில் இருந்தன என்பது நமக்குச் சங்கடமான செய்தி. கோவையில் அவற்றைக் கேட்ட சிலரைப் புலனாய்வு செய்தபோது கிடைத்த தகவல்களைக் கொண்டே ஏப்ரல் 4இல் இந்தியா எச்சரிக்கை அனுப்பியது. கொழும்பில் அதைக் கண்டுகொள்ளவில்லை. தாவூத்ஷா போராடிப் பெற்ற தமிழ்ப் பிரசங்கம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

*

மீண்டும் சேலத்துக்கு. 2013 ஜூலை 19இல் பாரதிய ஜனதா மாநிலப் பொதுச்செயலாளர் ஆடிட்டர் ரமேஷ் அந்நகரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில் ஏற்காடு சட்டமன்ற உறுப்பினர் மறைந்திருந்ததால் மலையும் துக்கத்தில் இருந்தது. அக்டோபரில் சிலர் சென்னையிலும் ஆந்திரத்தின் புத்தூரிலும் கைதானார்கள். முப்பது ஆண்டுகளாகப் பல குண்டுவெடிப்பு வழக்குகளில் தேடப்பட்ட ஒருவர் 2025 ஜூலையில்தான் ஆந்திரத்தில் பிடிபட்டார். முப்பது ஆண்டுகள் தலைமறைவில் வாழ ஒருவனுக்குப் பணமும் சிலருடைய மௌனமும் தேவை. அந்த மௌனத்தைப் பற்றிச் சமூகத்தின் உள்ளிருந்தே கேட்கவேண்டும், கேட்கிறார்கள்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியலில் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் ஒரு கார் வெடித்து அதை ஓட்டிவந்த இளைஞர் இறந்தார். 2019இலேயே என்.ஐ.ஏ. விசாரித்துவிட்டு அனுப்பிய நபர். அடுத்த சில நாட்களில் கோட்டைமேட்டு ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்குள் சென்று அர்ச்சகர்களைச் சந்தித்தார்கள். அவர்களில் தர்காவுக்குப் போகிறவர் எத்தனை பேர், போகாதவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 1998க்குப் பிறகு அவர்களுடைய தெருமுனைகளில் சாவடிகள் எத்தனை ஆண்டுகள் நின்றன என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

போனமாதம் நண்பரிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் யாரைக் கண்டு நான் பயப்படவேண்டும் என்கிறீர்கள்?" என்றார். இன்னொருவரை வெளியே போ என்று சொல்பவரை, எந்த மேடையில் நின்று சொன்னாலும், என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அது எங்கள் பக்கத்திலும் நிறைய இருக்கிறதே என்று சொல்லி, ஏற்காட்டில் இந்த ஆண்டு காப்பி விலை எப்படி என்று விசாரித்தார்.